மேக்ஃபைலில் பிற கோப்புகளைச் சேர்த்தல்

மேக் என்பது மூலநிரலிலிருந்து இயங்கு கோப்புகளை உருவாக்க உதவும் மென்பொருள் கருவி ஆகும். இதனை 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். எதை எதிலிருந்து எவ்வாறு உருவாக்குவது என்னும் விதிகள் மேக்ஃபைல் எனப்படும் கோப்பில் எழுதப்படுகின்றன. திட்டம் பெரிதாகும்போது விதிகளைப் பல கோப்புகளாகப் பிரித்து, 'இன்க்ளூட்' என்ற கட்டளையால் ஒன்று சேர்ப்பது வழக்கம். இங்கு விளக்கப்படுவது குனூ மேக்கில் அக்கட்டளை செயல்படும் முறையாகும்.

செயல்படும் முறை

இன்க்ளூட் வரியைக் கண்டதும் மேக் நடப்புக் கோப்பைப் படிப்பதை நிறுத்தி, குறிப்பிட்ட கோப்பை முழுவதும் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சேர்க்கப்பட்ட கோப்பின் மாறிகளுக்குத் தனி எல்லை கிடையாது. ஒரே பெயருள்ள மாறிக்கு இரு கோப்புகளும் மதிப்பு அளித்தால், பொதுவாகப் பின்னர் படிக்கப்பட்டதே நிலைக்கும்.

கோப்பு கிடைக்காவிட்டால் மேக் பிழை காட்டி நின்றுவிடும். கட்டளைக்கு முன் கழித்தல் குறி இட்டால் பிழையின்றித் தொடரும். சேர்க்க வேண்டிய கோப்பை உருவாக்குவதற்கு விதி இருந்தால், மேக் அதனை உருவாக்கியபின் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து மீண்டும் படிக்கும்.

பயன்பாடு

ஒரு சி நிரல் எந்தெந்த ஹெட்டர் கோப்புகளைச் சார்ந்துள்ளது என்பதைக் கையால் எழுதிவந்தால், ஏதேனும் ஒன்று விடுபடும். ஹெட்டர் மாறியும் நிரல் பழையதாகவே இருந்துவிடும். ஜிசிசி தொகுப்பி இந்தப் பட்டியலை மேக் விதிகளாகவே எழுதித் தரும். முதல் முறை அக்கோப்புகள் இருக்காது என்பதால், அவற்றைக் கழித்தல் குறியுடன் சேர்க்கின்றனர்.

கவனிக்க வேண்டியவை

இடம்: பெயர் எதுவும் குறிப்பிடாமல் மேக்கை இயக்கினால், அது முதலில் படித்த இலக்கையே நிறைவேற்றும். கோப்புகளை அழிக்கும் 'கிளீன்' இலக்கை முதலாவதாகக் கொண்ட கோப்பை மேலே சேர்த்தால், உருவாக்குவதற்குப் பதில் அழித்தலே நடக்கும்.

பாதை: சார்புப் பாதைகள், சேர்க்கப்படும் கோப்பு உள்ள அடைவிலிருந்து அல்லாமல், மேக் இயங்கும் அடைவிலிருந்தே கணக்கிடப்படுகின்றன.

நம்பகம்: 'ஷெல்' சார்பின் மூலம் ஒரு கோப்பு படிக்கப்படும்போதே கட்டளைகளை இயக்கலாம். கட்டளைகளை இயக்காமல் காட்ட மட்டும் செய்யும் வெள்ளோட்டத் தெரிவும் இதைத் தடுக்காது. எனவே பிறர் எழுதிய கோப்பைத் திறந்து படித்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.