திரைப்படச் சுவையும் விமரிசகர் தீர்ப்பும்

மாலைக் காட்சிக்குச் சென்று, சிரிக்க வேண்டிய இடத்திற் சிரித்து, உருக வேண்டிய இடத்தில் உருகி, மனநிறைவோடு வீடு திரும்புகின்றார் ஒருவர். மறுநாட் பத்திரிகையைப் பிரித்தால், அதே படத்தைப் பற்றிய விமரிசனம் அவரை எதிர்கொள்கின்றது. கதை பழையது, நடிப்பு மிகையானது, இசை வெறும் இரைச்சல் என்று குற்றங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. படித்தவருக்கு உள்ளூர ஒரு கூச்சம் உண்டாகின்றது. நேற்றுப் பெற்ற இன்பம் தம் அறியாமையின் விளைவோ என ஐயுறுகின்றார். நண்பர் எவரேனும் கேட்டால், தாம் ரசித்ததை மறைத்து, விமரிசகரின் சொற்களையே தம் கருத்தாகக் கூறிவிடுகின்றார். இது சிறிய விஷயம் போலத் தோன்றலாம். ஆயினும், தம் நெஞ்சு கண்ட அனுபவத்தைக் கைவிடப் பழகியவர், நாளடைவில் எதனையும் தாமாகச் சுவைக்கும் ஆற்றலை இழந்துவிடுவார். ஆகவே, விமரிசகர் ஏன் அவ்வாறு எழுதுகின்றார், அவர் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பவற்றை ஆராய்வது பயனுடையது.

விமரிசகர் குற்றங்களையே மிகுதியாகக் காண்பதற்குக் காரணங்கள் உண்டு. மாதத்திற்கு ஒரு படம் பார்ப்பவருக்குப் புதுமையாகத் தோன்றும் காட்சி, வாரத்திற்குப் பல படங்கள் பார்க்கும் விமரிசகருக்கு நூறாவது முறை கண்ட காட்சியாக இருக்கும். சலிப்பு அவர் தொழிலோடு வந்த நோய். அன்றியும், குறையை விளக்குவது எளிது. நிறையை விளக்குவது அரிது. ஒரு நடிகரின் உச்சரிப்புப் பிழையை ஒரு வரியிற் சொல்லிவிடலாம். அவருடைய மௌனம் நெஞ்சை ஏன் தொட்டது என்று சொல்ல ஒரு பக்கமும் போதாது. கடுஞ்சொல்லை விரும்பிப் படிக்கும் வாசகரும் பலர் என்பதை மறத்தலாகாது.

விமரிசகரின் தீர்ப்பு எத்துணை விரைவில் மாறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் தக்க சான்றாகும். ஆர்தர் பென் நெறிப்படுத்தி, வொரன் பீற்றி தயாரித்து நடித்த ‘பொனி அன்ட் கிளைட்’ என்ற படம் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தது. வங்கிக் கொள்ளையரான ஓர் இளைஞனும் யுவதியும் அதன் கதைமாந்தர். ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் 1940 முதல் விமரிசனம் எழுதிவந்த பொஸ்லி குரோதர், அப்படம் கொலையைக் கேலிக்கூத்தாக்குகின்றது எனச் சினந்து, ஒரு முறைக்குப் பலமுறை கண்டித்து எழுதினார். ‘நியூஸ்வீக்’ இதழின் ஜோசப் மோர்கன்ஸ்டேர்ணும் படத்தை இழித்துரைத்தார்.

பின்னர் மோர்கன்ஸ்டேர்ண் பொதுப் படமாளிகை ஒன்றுக்குச் சென்று, சாதாரண மக்களோடு அமர்ந்து அதே படத்தை மீண்டும் பார்த்தார். மக்கள் சிரித்ததையும், சிரிப்பு திடீரென அச்சமாக மாறி அரங்கு உறைந்ததையும் அருகிருந்து உணர்ந்தார். அடுத்த வார இதழிலேயே, தாம் முன்பு எழுதியது தவறென்று வெளிப்படையாக எழுதினார். ஒக்டோபரில் ‘நியூயோர்க்கர்’ இதழில் போலின் கேல் அப்படத்தை ஆதரித்து நீண்ட கட்டுரை வரைந்தார். முன்பு இகழ்ந்த ‘டைம்’ இதழோ, டிசம்பரில் அதனை அட்டைப்படக் கட்டுரையாக்கிப் போற்றியது. படம் பத்து ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு, இரண்டினைப் பெற்றது. குரோதர் தம் கருத்தை மாற்றவில்லை. 1968இன் தொடக்கத்தில் அவர் வகித்த பதவி வேறொருவருக்குச் சென்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? படம் மாறவில்லை; பார்த்த சூழ்நிலையே மாறிற்று. குறிப்பேடும் கையுமாகப் பார்ப்பது வேறு, முன்னூறு பேரோடு சேர்ந்து மூச்சடக்கிப் பார்ப்பது வேறு. எனவே, விமரிசனம் என்பது ஒருவர் ஒருநாள், ஒருவகைச் சூழலிற் பெற்ற அனுபவத்தின் பதிவேயன்றி, மேன்முறையீடு இல்லாத நீதிமன்றத் தீர்ப்பன்று. தொல்காப்பியர் நகை, அழுகை, அச்சம், உவகை முதலாக மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைத்தார். அவை காண்போர் மெய்யின்கண் வெளிப்படுவன. படம் நன்றன்று என விமரிசகர் வாதிடலாம். கண்ணீர் விட்டவரை நோக்கி, நீர் அழவில்லை என்று அவராற் கூற முடியாது.

அங்ஙனமாயின், விமரிசனமே வேண்டாவோ? அதுவும் பொருந்தாது. மக்களும் தவறுவதுண்டு. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் நெறிப்படுத்த, ஏவிஎம் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்திற் பாடலும் இல்லை, நடனமும் இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த அக்காலத்து மக்கள் அதனைப் புறக்கணித்தனர், வசூல் குன்றியது. அதன் அருமையை எடுத்துக்கூறி, அதனை மறதியினின்று காத்தவர்கள் விமரிசகர்களே. இன்று தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அதற்கு உறுதியான இடம் உண்டு. கண்ணுக்குத் தப்பியதைக் காட்டிக்கொடுக்கும் விமரிசகர், சுவைஞருக்கு உற்ற துணைவர்.

நன்னூலார் மாணாக்கரின் தரங்களை உவமைகளால் விளக்கினார். பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் கொள்ளும் அன்னம் தலைமாணாக்கருக்கு உவமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி கடைமாணாக்கருக்கு உவமை. விமரிசகரையும் இவ்வளவைகொண்டே அளக்கலாம். குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிக்கது எதுவெனக் கண்டு முடிவு செய்யுமாறு வள்ளுவரும் வலியுறுத்தினார். அங்ஙனம் இரண்டையும் நிறுத்துப் பார்க்காத விமரிசனம் வெறும் வசையே.

நேயர்கள் கைக்கொள்ளத்தக்க வழி எளியது. முதலிற் படத்தைப் பார்த்தல் வேண்டும். பின்னரே விமரிசனத்தைப் படித்தல் வேண்டும். விமரிசகர் சுட்டிய குறை உண்மையாயின் அதனை ஏற்றுக்கொள்வதில் இழுக்கில்லை. குறையுள்ள படத்தையும் விரும்பலாம். அவர் காணாத நிறை ஒன்றைத் தாம் கண்டிருந்தால், அதனை நண்பரிடம் கூச்சமின்றி, காரணத்தோடு எடுத்துரைத்தல் வேண்டும். ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரிந்த பார்வையாளர், பிறர் சினத்தைக் கண்டு தம் இன்பத்தைத் துறக்க வேண்டியவரல்லர்.