ஆர்கேட் கார்ட்ரிட்ஜை வீட்டில் ஆடலாம்: நியோ ஜியோவுக்குச் சிக்கனமான வழி

ஜப்பானின் ஒசாகா பகுதியைச் சேர்ந்த எஸ்.என்.கே. நிறுவனம் 1990இல் ஒரே கேம் இயந்திரத்தை இரண்டு வடிவங்களில் கொண்டுவந்தது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளுக்கு எம்.வி.எஸ்., வீட்டுக்கு ஏ.இ.எஸ். இரண்டுக்கும் பொதுப் பெயர் நியோ ஜியோ. மெட்டல் ஸ்லக், சாமுராய் ஷோடவுன், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் எல்லாம் இதில் பிறந்தவைதான்.

வீட்டு வடிவம் அன்றே விலை அதிகம். 1991இல் அமெரிக்காவில் ‘கோல்டு’ பெட்டி 649.99 டாலர். அதற்கான கேம் ஒவ்வொன்றும் 200 டாலரை ஒட்டி இருந்தது. இன்று நிலைமை இன்னும் மோசம். 1996இல் வந்த மெட்டல் ஸ்லக்கின் அசல் ஏ.இ.எஸ். கார்ட்ரிட்ஜ் சேகரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதே கேமின் எம்.வி.எஸ். கார்ட்ரிட்ஜ் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது. கேம் ஒன்றுதான் என்னும்போது அதை ஆட விரும்புகிறவர் வாங்க வேண்டியது ஆர்கேட் கார்ட்ரிட்ஜைத்தான். அதை வீட்டில் எப்படி ஓட்டுவது என்பதே இந்தக் கட்டுரை.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

எம்.வி.எஸ். கடைக்காரர்களுக்காக உருவானது. அதற்கு முன் புதிய கேம் வேண்டுமென்றால் பெரும்பாலும் முழு போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. எம்.வி.எஸ்.ஸில் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். 1, 2, 4, 6 ஸ்லாட் கொண்ட மதர்போர்டுகள் வந்தன, ஒரே பெட்டியில் ஆறு கேம்கள் வரை வைக்கலாம். அதனால் உலகெங்கும் உள்ள கடைகள் கார்ட்ரிட்ஜ்களை வாங்கிக் குவித்தன. ஆர்கேட் தொழில் சுருங்கியபோது அவை மொத்தமாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்துசேர்ந்தன. வீட்டு வடிவத்தை வாங்கியவர்கள் குறைவு, தயாரிப்பும் குறைவு. அழகான பெட்டி, விளக்கப் புத்தகம் ஆகியவற்றோடு பத்திரமாக இருப்பவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே போட்டி. ஏ.இ.எஸ். கேமுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த அரிய தன்மைக்கே போகிறது.

உள்ளே இருப்பது ஒன்றா?

ஆம். இரண்டு இயந்திரங்களிலும் 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000 செயலி, ஒலி வேலைக்கு இசட்80, இசைக்கு யமஹா ஒய்.எம்.2610 சிப். திரையின் அளவு 320 x 224 புள்ளிகள், ஒரே நேரத்தில் 380 ஸ்பிரைட்கள் (திரையில் நகரும் உருவங்கள்) வரை. கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அமைப்பு ஒன்றுதான்: இரண்டு போர்டுகள். ஒன்றில் கேமின் நிரலும் பதிவு செய்த குரல்களும். மற்றொன்றில் உருவங்கள், திரை எழுத்துகள், ஒலிச் செயலிக்கான நிரல்.

கடையில் காசு கேட்பதையும் வீட்டில் காசில்லாமல் ஆடவிடுவதையும் தீர்மானிப்பது மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப். ‘இது ஆர்கேட்’ அல்லது ‘இது வீடு’ என்று அது சொல்ல, கேம் அதற்கேற்ப நடந்துகொள்கிறது. எந்த நாட்டு வடிவம் என்பதையும் அதுவே சொல்கிறது. எனவே ஆர்கேட் கார்ட்ரிட்ஜை வீட்டு இயந்திரத்தில் ஓட்டினால் வீட்டுக்கான மெனுவும், எண்ணிக்கை வரம்புள்ள ‘கண்டினியூ’ வாய்ப்புகளும் தானாகவே வரும்.

அப்படியானால் எம்.வி.எஸ். கார்ட்ரிட்ஜை நேராக ஏ.இ.எஸ்.ஸில் செருகலாமே? முடியாது. பின்களின் வரிசை வேறு, கார்ட்ரிட்ஜின் வடிவமும் வேறு. இரண்டுக்கும் இடையே சிக்னல்களை இடம் மாற்றிக் கொடுக்க ஒரு ஏற்பாடு தேவை.

வழி 1: கன்வர்ட்டர்

கையில் ஏற்கெனவே ஏ.இ.எஸ். இருந்தால் இதுவே எளிது. கன்வர்ட்டரை ஏ.இ.எஸ். ஸ்லாட்டில் செருகி, எம்.வி.எஸ். கார்ட்ரிட்ஜை அதன்மேல் செருக வேண்டும். மேஜிக் கீ, ஃபேன்டம்-1 ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. வாங்கும்போதே, எந்தெந்த கேம்கள் அதில் ஓடும் என்ற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ’99 தொடங்கி எஸ்.என்.கே. உருவங்களைக் குறியாக்கம் செய்தது. கடைசி ஆண்டுகளின் கேம்கள் அளவிலும் பெரியவை. பழைய கன்வர்ட்டர்கள் அவற்றில் சிலவற்றில் தடுமாறும்.

கன்வர்ட்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தால் கன்சோலுக்கு மேல் உயரமாக நிற்கும். கைபட்டு அசைந்தால் கேம் நின்றுபோகும், ஸ்லாட்டும் கெடும். கன்சோலைச் சமமான மேசையில், வயர் இழுபடாத இடத்தில் வையுங்கள்.

ஏ.இ.எஸ். வாங்குபவர்கள் அடாப்டரையும் கவனிக்க வேண்டும். தொடக்ககால இயந்திரங்களுக்கு 5 வோல்ட், பிற்காலத்தவற்றுக்கு 9 வோல்ட். 5 வோல்ட் இயந்திரத்துக்கு 9 வோல்ட் கொடுத்தால் அது போய்விடும். இயந்திரத்தின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே செருகுங்கள். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது.

வழி 2: ஆர்கேட் போர்டையே கன்சோலாக்குவது

ஏ.இ.எஸ். இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு ஸ்லாட் உள்ள எம்.வி.எஸ். மதர்போர்டை வாங்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து, மின்சாரம், கன்ட்ரோலர், டிவி இணைப்பு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால் அதுவே கன்சோல். கார்ட்ரிட்ஜ் தனக்கு உரிய ஸ்லாட்டில் உட்காருவதால் கன்வர்ட்டரின் தொல்லை எதுவும் கிடையாது.

போர்டின் ஓரத்தில் உள்ளது ஜாம்மா இணைப்பு. ஆர்கேட் பெட்டிகளுக்கான 56 பின் பொது ஏற்பாடு. 5 வோல்ட் மின்சாரம், வீடியோ, ஒலி, பொத்தான்கள் எல்லாம் இதன் வழியாகவே போகின்றன. சால்டரிங் தெரிந்தவர்கள் இங்கிருந்து வயர் எடுத்துத் தாங்களே செய்யலாம். தெரியாதவர்கள் ‘சூப்பர்கன்’ வாங்கலாம்: ஜாம்மா போர்டைச் செருகினால் மின்சாரமும் கன்ட்ரோலரும் படமும் கொடுக்கும் தயார் நிலைப் பெட்டி அது. வேறு நிறுவனங்களின் ஜாம்மா போர்டுகளையும் அதில் ஓட்டலாம்.

போர்டு தேர்வில் அளவு முக்கியம். எம்.வி.-1சி போன்ற சிறிய போர்டுகள் பெட்டிக்குள் அழகாக அடங்கும். ஆனால் சிறியவற்றில் சிலவற்றுக்கு மெமரி கார்டு ஸ்லாட்டும் ஸ்டீரியோ ஒலியும் இல்லை. எம்.வி.-1எஃப் பெரியது. நான்கு, ஆறு ஸ்லாட் போர்டுகள் வீட்டுக்கு வேண்டாம்: இடமும் அடைக்கும், பழுது பார்ப்பதும் சிரமம்.

வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. கணக்குகளையும் ஸ்கோரையும் நினைவில் வைக்கப் பெரும்பாலான எம்.வி.எஸ். போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளில் அது கசிந்து போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். விற்பவரிடம் பேட்டரி இருக்கும் இடத்தின் தெளிவான படத்தைக் கேளுங்கள். பச்சை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல போர்டாக இருந்தாலும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலும் கேம் ஓடும், கணக்குகளும் ஸ்கோரும் மட்டும் நிற்காது.

டிவியில் படம் வருமா?

பழைய குழாய் டிவிக்கு ஏ.இ.எஸ். சாதாரண வீடியோவும் ஆர்.ஜி.பி.யும் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி சிக்னல்களாக) தரும். எம்.வி.எஸ். தருவது 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்.ஜி.பி. மட்டுமே. இன்றைய எச்.டி.எம்.ஐ. டிவிக்கு ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிகள் தேவை. எம்.வி.எஸ். நொடிக்கு சுமார் 59.2 முறை படத்தைப் புதுப்பிக்கிறது; இது வழக்கமான 60 அல்ல என்பதால் சில டிவிகள் படத்தைக் காட்ட மறுக்கும். செலவைக் கணக்கிடும்போது மாற்றியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருடைய பட்ஜெட் இங்கேதான் உடைகிறது.

யூனிவர்ஸ் பயாஸ்

அசல் பயாஸ் சிப்புக்குப் பதிலாகப் பொருத்தும் சிப் இது. வீடா ஆர்கேடா, எந்த நாட்டு வடிவம் என்பதை நாமே மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். ஆர்கேட் நிலையில் காசுக்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிரெடிட் ஏறும், கண்டினியூவுக்கு வரம்பில்லை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். சிப் மாற்றச் சால்டரிங் தேவைப்படலாம் என்பதால் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது

எம்.வி.எஸ். கார்ட்ரிட்ஜ்களில் போலிகள் ஏராளம். ‘161 கேம்கள் ஒன்றில்’ என்று விற்பவை எஸ்.என்.கே. அனுமதி பெறாதவை. தனி கேம்களிலும் போலி உண்டு. வாங்கும் முன் கார்ட்ரிட்ஜின் மேலுறையைத் திறந்து இரண்டு போர்டுகளையும் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அசலில் எஸ்.என்.கே. பெயரும் ‘நியோ எம்.வி.எஸ்.’ என்று தொடங்கும் குறியும் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எண் உண்டு. மெட்டல் ஸ்லக்கின் எண் 201. சிப்களின் மேலும் அந்த எண் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய) சிப் அசல் கார்ட்ரிட்ஜ்களிலும் சிலவற்றில் உண்டு. அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

மேல் ஸ்டிக்கர் கிழிந்ததும் பெட்டி இல்லாததும் விலையைக் குறைக்கும், ஆட்டத்தைக் குறைக்காது. தயங்காமல் வாங்குங்கள். பின்கள் கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். மின்சாரம் ஓடும்போது கார்ட்ரிட்ஜைச் செருகவோ எடுக்கவோ கூடாது.

எதில் தொடங்குவது?

நியோ ஜியோ உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால், ஹாம்ஸ்டர் நிறுவனம் நிண்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட கன்சோல்களுக்கு வெளியிட்டுள்ள அனுமதி பெற்ற பதிப்புகள் ஒவ்வொன்றும் சுமார் 8 டாலர். அவற்றை ஆடிப் பாருங்கள். பிடித்துப்போய், அசல் இயந்திரத்திலேயே ஆட வேண்டும் என்று தோன்றினால் ஒரு ஸ்லாட் எம்.வி.எஸ். போர்டு, சூப்பர்கன், யூனிவர்ஸ் பயாஸ், ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் என்று தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அனுப்பும் கூலியும் சுங்க வரியும் கூடும் என்பதால் போர்டையும் கார்ட்ரிட்ஜையும் முடிந்தவரை ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். முதல் கேமாக அதிக எண்ணிக்கையில் கிடைக்கும் ஒரு கிங் ஆஃப் ஃபைட்டர்ஸையோ பசில் பாபிளையோ எடுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு விலை கூடிய மெட்டல் ஸ்லக்குக்குப் போகலாம்.