கற்பிக்கும் பொறியும் கற்கும் பிள்ளையும்

52 இலிருந்து 28 ஐக் கழிக்குமாறு பணித்தால், சில பிள்ளைகள் 36 என விடை எழுதுவர். சரியான விடை 24 ஆகும். கவனக்குறைவெனக் கருதிச் சிவப்புக் கோடிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின், அப்பிள்ளை ஒரு விதியை வழுவாது கைக்கொண்டுள்ளது. எவ்விடத்தும் பெரிய இலக்கத்திலிருந்தே சிறிய இலக்கத்தைக் கழிக்கவேண்டும் என்பதே அவ்விதி. ஒன்றினிடத்தில் 8 இலிருந்து 2 போக 6. பத்தினிடத்தில் 5 இலிருந்து 2 போக 3. விதி பிழையானது; அதனைப் பின்பற்றிய முறையிற் பிழையில்லை.

இத்தகைய காரணத்தை ஒரு பொறி கண்டறியுமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், செயற்கை நுண்ணறிவுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் உள்ள தொடர்பை அறிதல் வேண்டும். இரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுவர், அஃது அவ்வாறன்று. மனிதர் அறிவுகொண்டு செய்யுங் கருமங்களைப் பொறியாற் செய்விக்க முயலும் துறை முழுவதும் செயற்கை நுண்ணறிவு எனப்படும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1956 ஆம் ஆண்டு கூடிய ஆய்வரங்கு அப்பெயரை நிலைபெறச் செய்தது. இயந்திரக் கற்றல் அத்துறையின் ஒரு பகுதி. விதிகளை மனிதர் வகுத்துக் கொடாது, உதாரணங்களிலிருந்து பொறி தானே அறிந்துகொள்ளச் செய்யும் முறை அது. 'செக்கர்ஸ்' என்னும் பலகை விளையாட்டில், ஆடுந்தோறும் தேர்ச்சி பெறுமாறு ஒரு கணினியைப் பழக்கிய ஆதர் சாமுவேல், 1959 இல் தம் கட்டுரைத் தலைப்பில் அப்பெயரை வழங்கினார்.

பிள்ளைகளின் கல்வியில் இவ்விரு வழிகளும் கையாளப்பட்டன. ஜோன் சீலி பிறவுண், ரிச்சட் பேர்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கழித்தலிற் பிள்ளைகள் கைக்கொள்ளும் தவறான விதிகளை ஆராய்ந்து தொகுத்துக் கணினியில் அமைத்தனர். அவ்வாய்வு 1978 இல் வெளிவந்தது. மேற்காட்டிய பிழையும் அத்தொகுதியில் உண்டு. பிள்ளையின் விடைகளை நோக்கி, அது கைக்கொண்ட விதி இன்னதெனக் கூறுதல் அதனால் இயன்றது. ஆயின், விதிகளைத் தேடிக் கொடுத்தவர் மனிதரே.

இயந்திரக் கற்றலின் வழி வேறு. பல்லாயிரம் பிள்ளைகளின் விடைகளிலிருந்து கற்ற பொறி, அடுத்த கணக்கை ஒரு பிள்ளை சரியாகச் செய்யுமா, எப்பாடத்தை மீட்டல் வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே கணிக்கும். மனிதர் எண்ணிப்பாராத போக்குகளையும் கண்டுகொள்ளும். எனினும், தன் கணிப்புக்குக் காரணங் கூறுதல் அதற்கு எளிதன்று. தான் கண்டிராத உதாரணத்தின்முன் அது தடுமாறவுங் கூடும். வளர்ந்தோர் பேச்சைக் கேட்டுப் பழகிய பொறி, சிறுவர் வாசிப்பைச் செவ்வனே விளங்கிக்கொள்ளாது, சரியாக வாசித்த பிள்ளைமீது பிழை சுமத்தலாம். பொறியின் குறை பிள்ளையின் குறையாகப் பதிவுபெறுதல் சிறிய தீங்கன்று.

வளர்ந்தோர் மனத்தைப் போலன்றிக் குழந்தை மனத்தைப் போலப் பொறியை அமைத்து, அதற்குக் கல்வி புகட்டலாமென அலன் ரியூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1950 இல் எழுதினார். கற்கும் பொறியினுள் நிகழ்வதை அதன் ஆசிரியர் பெரும்பாலும் அறியார் என்பதையும் அவர் அன்றே குறிப்பிட்டார். பிள்ளையின் உள்ளத்து நிகழ்வதும் ஆசிரியருக்குப் புலப்படுவதன்று. ஆயினும், "இதை எப்படிச் செய்தாய்?" என்று அன்போடு வினவினால், பிள்ளை தன் வழியைச் சொல்லும். பொறியின் கணிப்பைத் துணையாகக் கொள்ளலாம். அவ்வினாவை ஆசிரியர் கைவிடலாகாது.