கண்டிக்கோட்டை: ஆறு அறுத்த மலை

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் நமக்கு மலையிடுக்கு என்பது பாடநூலில் மட்டுமே கண்ட காட்சியாகும். விசுவமடுவிலிருந்து எத்திசையில் நோக்கினும் வயலும் காடும் குளமுமே தென்படும். கடலுக்கு அப்பால், ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலோ, ஓர் ஆறு மலையையே அறுத்து வழி சமைத்திருக்கிறது. அவ்விடமே கண்டிக்கோட்டை. நமது மலைநாட்டுக் கண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தெலுங்கில் 'கண்டி' என்பது மலையிடுக்கைக் குறிக்கும்.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து வங்கக் கடலை நோக்கிச் செல்லும் வடபெண்ணையாறு, இங்கு எர்ரமலைக் குன்றுகளை ஊடறுக்கிறது. இருமருங்கும் செந்நிறப் பாறைகள், அடுக்கி வைத்த கற்பலகைகள் போன்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. மாலை வெயிலில் அவை தணலாய் ஒளிர்வது கண்கொள்ளாக் காட்சி.

இது எவ்வாறு உருவானது? நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நீரடியில் படிந்த மணலே இறுகி இப்பாறைகளாயிற்று. பாறையோடு ஒப்பிடுகையில் இடுக்கின் வயது மிகக் குறைவு. வெறும் நீர் இத்தகைய கடும்பாறையை எளிதில் அரிக்காது. வெள்ளம் உருட்டிவரும் மணலும் கூழாங்கற்களுமே அரம்போல் ஆற்றின் அடித்தளத்தைத் தேய்க்கின்றன. அடி ஆழமாக, மேலுள்ள பாறைகள் வெடிப்புகளின் வழியே பிளந்து சரிகின்றன. சுவர்கள் செங்குத்தாக நிற்பதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் 446 கிலோமீற்றர் நீளமான கிராண்ட் கன்யனைக் கொலராடோ ஆறு குடைந்ததும் இவ்வாறே.

இயற்கை அமைத்த இந்த அகழியை அரணாகக் கொண்டே மன்னர்கள் இங்கு கோட்டை எழுப்பினர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இதனைக் கைப்பற்றினார். இன்று மாதவராயர் கோயிலின் கோபுரமும் ஜும்ஆ பள்ளிவாசலின் மினாராக்களும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. போரிட்ட அரசுகள் மறைந்துவிட்டன. இரு வழிபாட்டிடங்களும் எஞ்சியிருக்கின்றன.

நமது கனகராயன் ஆறும் நெத்தலியாறும் ஏன் இவ்வாறு குடையவில்லை? சமநிலத்தில் ஆற்றின் வேகம் தணிகிறது. அது அறுப்பதைவிடப் படிய விடுவதே அதிகம். அவ்வாறு படிந்த மணலே மழைநீரைத் தேக்கி, கோடையில் நம் கிணறுகளுக்கு ஊட்டுகிறது. அங்கே மணல் மலையை அறுத்தது. இங்கே மணல் நம்மை வாழவைக்கிறது.

அந்த மணலைத்தான் இரவோடிரவாக டிப்பர்களில் ஏற்றி விற்கின்றனர். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்ததைச் சில ஆண்டுகளில் அள்ளி முடித்தால், கரை இடியும், கிணறு வற்றும். நமக்கும் ஒரு பள்ளம் மிஞ்சும். ஆனால் அதைக் காண எவரும் வரமாட்டார்கள். அதிகாரிகள் மட்டுமன்றி, ஆற்றோரக் கிராமங்களின் மக்களாகிய நாமும் இதனை உணர்ந்து செயற்பட வேண்டும்.