கூப்பிட்டது வீட்டுக்குள்ளே, குரல் வந்தது காருக்குள்ளே!

பூரணாங்குப்பத்துத் தெரு ஒன்று. காலை எட்டு மணி. வாசலில் கார் நிற்கிறது. வீட்டுக்காரர் சாவியைத் திருகி விட்டு, இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருக்கிறார். அவருடைய செல்போன் வீட்டுக்குள்ளே, கூடத்து மேஜை மேல்.

போன் அடிக்கிறது. மனைவி ஓடி வந்து எடுக்கிறார்.

"ஹலோ... ஹலோ... யாருங்க?"

பதிலே இல்லை. மூச்சுச் சத்தம் கூட இல்லை.

அதே நேரம், வாசலில் ஆள் இல்லாமல் நிற்கும் காருக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல்:

"என்ன மச்சான், வாங்குன பத்தாயிரத்த எப்பத்தான் குடுப்ப?"

எதிர் வீட்டுத் திண்ணை நிமிர்ந்து உட்காருகிறது!

பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை. போனையும் கார் ஸ்டீரியோவையும் கம்பி இல்லாமல் இணைத்து வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கூத்துதான் இது. காரை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீரியோ தானாகவே பழைய சிநேகிதனான போனைத் தேடிப் பிடித்துக் கொள்கிறது. சுமார் 10 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் போதும், சுவரைக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு பாட்டானாலும் சரி, பேச்சானாலும் சரி, சத்தம் காருக்குள்தான்.

இந்த வசதிக்குப் பெயர் புளூடூத். தமிழில் சொன்னால் 'நீலப் பல்'!

ராஜா பெயர்!

பல்லுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ராஜா ஹரால்டின் பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்த கூட்டங்களை ஒன்று சேர்த்தவர் என்று பெயர் எடுத்தவர். போனையும் கம்ப்யூட்டரையும் ஒன்று சேர்க்கும் வேலைக்கு அவர் பெயரையே வைத்து விட்டார்கள்.

வேலை தொடங்கியது 1994-ல், ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில். 1998-ல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் கைகோத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரே முறையாக அதைக் கொண்டு வந்தன. அதனால்தான் ஒரு கம்பெனி போனும் வேறொரு கம்பெனி ஸ்டீரியோவும் சண்டையில்லாமல் பேசிக் கொள்கின்றன.

இதுவும் ரேடியோ அலைதான். ஆனால் ஒரே இடத்தில் நிற்காத அலை. 79 தடங்களுக்குள் வினாடிக்கு 1,600 முறை மாறி மாறித் தாவுகிறது. பக்கத்து காரில் இன்னொரு போன் பாடினாலும் இரண்டும் மோதிக் கொள்ளாமல் தப்புவது இந்தத் தாவலால்.

இப்படித் தாவும் யோசனைக்கு 1942-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நட்சத்திரம் ஹெடி லமார்! எதிரி குறுக்கிட முடியாதபடி கடலுக்குள் டார்பிடோ குண்டைச் செலுத்த, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலுடன் சேர்ந்து அவர் போட்ட திட்டம் அது.

பழைய வண்டிக்கும் உண்டு!

காரில் பாட்டு என்பது புதிதல்ல. 1930-லேயே அமெரிக்காவில் கார் ரேடியோ விற்பனைக்கு வந்து விட்டது. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. அப்புறம் கேசட் வந்தது. சிக்கிய நாடாவைப் பென்சிலை விட்டுச் சுற்றியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சி.டி., பென் டிரைவ். இப்போது கையில் இருக்கும் போனே பாட்டுப் பெட்டி.

புது கார்களில் இந்த வசதி கம்பெனியிலிருந்தே வருகிறது. பழைய கார், மினி வேன், லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, ஸ்டீரியோவையே மாற்றுவது. செலவு அதிகம்; ஆனால் சத்தம் சுத்தம்.

இரண்டாவது வழி, ஸ்டீரியோவில் 'ஆக்ஸ்' என்ற ஓட்டை இருந்தால் அதில் சொருகும் சின்னக் கருவி. போனிலிருந்து வரும் அலையை வாங்கி, கம்பி வழியாக ஸ்டீரியோவுக்குத் தரும்.

மூன்றாவது வழி, சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் எப்.எம். டிரான்ஸ்மிட்டர். இது காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையம்! போனின் பாட்டை வாங்கி எப்.எம். அலையாக மாற்றி விடும். கார் ரேடியோ அதைப் பிடிக்கும். எந்த நிலையமும் இல்லாத காலி இடமாகப் பார்த்து ரேடியோவையும் கருவியையும் ஒரே எண்ணில் வைக்க வேண்டும். நிலையம் இருக்கிற இடத்தில் வைத்தால், பாட்டுக்கு நடுவே செய்தியும் சேர்ந்து கேட்கும்!

ஆக்ஸ் கம்பியும் போட்டு, அதே வண்டியில் சார்ஜும் ஏற்றினால் சில வண்டிகளில் 'ஙொய்ய்ய்' என்று ஒரு இரைச்சல் வரும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது உச்ச ஸ்தாயிக்குப் போகும். ஸ்பீக்கர் கெட்டு விட்டது என்று பலர் மாற்றி விடுகிறார்கள். தேவையே இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. சின்ன வடிகட்டிக் கருவி ஒன்று போட்டால் சரியாகி விடும்.

இன்னொரு புகார், "பாட்டு ஜோரா கேக்குது, பேச்சு மட்டும் தகர டப்பா மாதிரி இருக்குது" என்பது. பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பேச்சு போகும் வழி குறுகல். அதோடு மைக் ஸ்டீரியோவிலேயே இருந்தால் டிரைவரின் வாய்க்குத் தூரம்; ஏ.சி. காற்றும் ஜன்னல் காற்றும் அதில் மோதும். தனி மைக் இருந்தால் வெயில் மறைப்புப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டுவது நல்லது.

ஊரே கேட்குது!

வசதி இருக்கிற இடத்தில் வம்பும் இருக்கிறது.

காதில் போனை வைத்துப் பேசினால் ரகசியம் காதோடு போகும். ஸ்டீரியோவில் பேசினால் நாலு ஸ்பீக்கரிலும் முழங்கும். காருக்குள் மாமியார் இருப்பார், முதலாளி இருப்பார், வாடகைக்கு ஏறிய முன்பின் தெரியாதவர் இருப்பார். அது தெரியாமல் மறுமுனையில் இருப்பவர் மனம் விட்டுப் பேசுவார். "அந்த நகைய மூட்டாச்சா அக்கா?" என்று ஒரு கேள்வி வந்தால், குடும்ப மானம் நடுச்சாலையில்!

இதற்கு ஒரே மருந்து, எடுத்ததும் முதல் வார்த்தையாக "ஸ்பீக்கர்ல இருக்கீங்க, வண்டியில ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லி விடுவதுதான்.

அடுத்த வம்பு, பெயர்ப் பட்டியல். போனை முதன்முதலாக இணைக்கும்போது, "தொடர்பு எண்களை எடுத்துக் கொள்ளலாமா?" என்று ஒரு கேள்வி திரையில் வரும். யோசிக்காமல் 'சரி' என்று அழுத்தி விட்டால், போனில் இருக்கும் பெயர்களும் நம்பர்களும் கார் ஸ்டீரியோவுக்குப் போய்விடும். பல ஸ்டீரியோக்கள் யார் யாருக்குப் பேசினீர்கள் என்ற கணக்கையும் வைத்திருக்கும்.

சொந்தக் கார் என்றால் பரவாயில்லை. வாடகைக் காரில் பாட்டுக் கேட்பதற்காக இணைத்தவர், இறங்கும்போது பையை எடுத்துக் கொள்கிறார். போனை எடுத்துக் கொள்கிறார். பெயர்ப் பட்டியலை மட்டும் விட்டு விட்டுப் போகிறார்!

காரை விற்பவர்களும் கவனிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், டூல்ஸ் எல்லாம் சரி பார்த்துக் கொடுப்பவர்கள், ஸ்டீரியோவில் இருக்கும் தங்கள் போனின் பெயரை அழிக்க மறந்து விடுகிறார்கள். இணைந்த போன்களின் பட்டியலுக்குப் போய் 'நீக்கு' என்று கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

16 மீட்டர் கண்மூடிப் பயணம்!

இதெல்லாம் மானப் பிரச்சினை. அடுத்தது உயிர்ப் பிரச்சினை.

பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் வந்து கடலூர் சாலையைப் பிடித்தால், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று புதுவை வரைக்கும் நெரிசல்தான். டவுன் பஸ் நிற்கும். ஸ்கூல் வேன் திரும்பும். ஸ்கூட்டர் சந்திலிருந்து பாயும். பெரியவர் ஒருவர் கையைக் காட்டிக் கொண்டே குறுக்கே நடப்பார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடி விடும். "யார் கூப்பிடறது?" என்று ஸ்டீரியோ திரையை இரண்டு வினாடி பார்த்தால் 33 மீட்டர் போச்சு. மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். அவ்வளவு தூரமும் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டியதற்குச் சமம்!

"நான்தான் போனைத் தொடலியே, கை ஸ்டீயரிங்லதானே இருக்கு" என்பார்கள் பலர்.

கை இருக்கிறது. கவனம் எங்கே?

கனடாவின் டொரான்டோவில் 699 டிரைவர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1997-ல் வெளியானது. போனில் பேசும் நேரத்தில் விபத்து ஆபத்து நாலு மடங்கு ஆகிறது என்று அது கண்டது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுவே: கையில் பிடிக்காத போன், கையில் பிடித்த போனைவிட அப்படி ஒன்றும் பத்திரமானது அல்ல.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் சாலையைப் பார்க்கிறார். முன்னே பஸ் பிரேக் போட்டால் தானாகவே வாயை மூடிக் கொள்கிறார். போனில் பேசுபவருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குக் கணக்குக் கேட்டுக் கொண்டே இருப்பார். டிரைவரின் கண் சாலையில் இருக்கும். மனசு அந்தப் பத்தாயிரம் ரூபாயில் இருக்கும்.

நம் நாட்டில் 2021-ல் மட்டும், வண்டி ஓட்டும்போது போன் உபயோகித்ததால் 1,997 விபத்துகள் நடந்து 1,040 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்து உபயோகிப்பது ஆபத்தான ஓட்டுதலுக்கான குற்றங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. முதல் தடவை மாட்டினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஸ்டீரியோ வழியாகப் பேசுவது 'கையில் பிடித்த' என்ற வார்த்தைக்குள் நேராக வராது. ஆனால் பேச்சு மும்முரத்தில் ஜனங்களுக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால், அதே 184-வது பிரிவு பாயும். "சார், புளூடூத்ல பேசினேன்" என்பது அங்கே செல்லாத நோட்டு!

கிளம்பும் முன்னே...

செய்ய வேண்டியது அதிகமில்லை. போனை இணைப்பது, பாட்டைத் தேர்ந்தெடுப்பது, சத்தம் வைப்பது எல்லாம் வண்டி வாசலில் நிற்கும்போதே முடிய வேண்டும். வழியில் பாட்டு பிடிக்கவில்லை என்றால் அடுத்த பாட்டு வரும் வரை பொறுக்கலாம். சத்தம் அளவாக இருந்தால்தான் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் காதில் விழும்.

போன் வந்தால், "வண்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்ற ஒரு வரி போதும். அவசரம் என்றால் ஓரமாக நிறுத்திப் பேசலாம். கூப்பிடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "வண்டி ஓட்டறீங்களா?" என்று முதலில் கேட்டு, "ஆமாம்" என்றால் உடனே வைத்து விட வேண்டும்.

பத்தாயிரம் ரூபாய்க் கடனைப் பற்றி வீட்டுக்கு வந்தும் பேசலாம். அதற்கு முதலில் வீடு வந்து சேர வேண்டும்!