கையுறை ஏறியபோது கட்டிப்பால் ஏன் இறங்கியது?

2020 ஏப்ரல். நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஈப்போ லிட்டில் இந்தியா வெறிச்சோடிக் கிடந்தது. உலகத்து மருத்துவமனைகளோ ரப்பர் கையுறைக்காக மலேசியாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. அன்று உலகில் விற்ற மூன்று கையுறைகளில் ஏறக்குறைய இரண்டு இங்கே பிறந்தவை. பேராக்கிலேயே தைப்பிங், கமுந்திங் பக்கம் கையுறை ஆலைகள் உண்டு. அப்படியென்றால் பால்மரம் வைத்திருந்தவருக்கு நல்ல காலம்தானே? இல்லை. கட்டிப்பாலிலிருந்து தயாராகும் எஸ்எம்ஆர் 20 என்னும் ஏற்றுமதி ரப்பர், அதே ஏப்ரலில் கிலோ 5 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றே சொல்வோம்.) மங்கில் பால் வடிந்த மண்ணில் வளர்ந்தவர்களை இந்தப் புதிர் லேசில் விடாது.

முதல் முடிச்சு டயரில் இருக்கிறது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பத்தில் ஏழு பங்கு டயருக்குப் போகிறது. ஊரடங்கில் கார் ஓடவில்லை. ஓடாத காருக்கு டயர் தேயாது. சீனாவில் டயர் ஆலைகள் படுத்தால் கோலகங்சாரில் கட்டிப்பால் படுக்கும். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரப்பர் விலை நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் கையுறை போன உயரத்துக்கு அது போகவே இல்லை.

இரண்டாவது முடிச்சு இன்னும் வியப்பானது. மருத்துவர் கையில் பார்க்கிறோமே, அந்த நீல நிறக் கையுறை, அதில் பால்மரத்தின் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அது நைட்ரைல்: எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வடித்தெடுக்கும் வேதிப்பொருள்களைக் கோத்துச் செய்த செயற்கைப் பால். மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருவதால் மருத்துவமனைகள் பல இதற்கு மாறிவிட்டன.

பால் மாறினாலும் வித்தை மாறவில்லை. தோட்டத்து ஸ்டோரில் நடந்த அதே வித்தைதான் ஆலையிலும் நடக்கிறது. மங்கில் வடிந்த பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. எல்லாவற்றின் மேலும் ஒரே வகை மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. ஸ்டோரில் பார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அந்த விலக்கல் அடங்குகிறது. துகள்கள் கட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. ஆலையிலோ விரல் விரித்த பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கியபடி வருகின்றன. முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு முங்கு. பிறகு பால் தொட்டியில் ஒரு முங்கு. கால்சியம் பூசிய கையை நெருங்கும் துகள்கள் தம் மின்னூட்டத்தை இழந்து, அந்தக் கை மேலேயே உறைந்துவிடுகின்றன. சில நொடிகளில் மெல்லிய தோல் தயார். அப்புறம் அலசி, சூளையில் வேகவைத்து, உரித்து எடுக்க வேண்டியதுதான். நவீன உற்பத்தி வரிசை ஒன்று மணிக்கு 40,000 கையுறைக்கு மேல் தள்ளும், நொடிக்குப் பதினொன்று. இதை மங்குக் கணக்கில் பார்ப்போம். ஒரு மங்குக்கு 100 மில்லி மரத்துப் பால் என்று வைத்தால், அதில் சுமார் 30 கிராம் ரப்பர் இருக்கும். அது ஐந்தாறு கையுறைக்குத்தான் காணும். அந்த ஒரு வரிசைக்கு ஈடுகொடுக்க நொடிக்கு இரண்டு மங்கு கவிழ்க்க வேண்டும்!

இத்தனை வேகம் இருந்தும் ஏன் தட்டுப்பாடு? வரிசைகள் ஏற்கெனவே இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. புதிய ஆலை கட்டி வரிசை அமைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இடைப்பட்ட காலத்தில் விலைதான் ஏறும். 1,000 நைட்ரைல் கையுறை 25 அமெரிக்க டாலருக்குள் இருந்தது, 2021 தொடக்கத்தில் 100 டாலரைத் தாண்டியது. பயந்துபோன வாங்குநர்கள் ஒரே தேவைக்குப் பல ஆலைகளில் ஆர்டர் போட்டார்கள். காத்திருப்பு ஓராண்டையும் தாண்டியது. கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க, மொத்த வியாபாரி இன்னும் கூடுதலாகக் கேட்க, ஆலையை எட்டும்போது தேவை பூதாகரமாகத் தெரியும். பொருளியலார் இதைச் ‘சாட்டை விளைவு’ என்பார்கள். கைப்பிடியில் ஒரு சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு.

பணத்தின் வேகமே வேறு. வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கைமாற்றும் கடனை வைத்து பேங்க் நெகாரா நிர்ணயிப்பது ஓபிஆர் என்னும் அடிப்படை வட்டி விகிதம். 2020 ஜனவரி முதல் ஜூலை வரை நான்கு தடவையாக அது 3 விழுக்காட்டிலிருந்து 1.75க்கு இறங்கியது. 3 லட்சம் வெள்ளி வீட்டுக் கடனுக்கு அந்த 1.25 விழுக்காடு ஆண்டுக்கு 3,750 வெள்ளி. மாதம் முந்நூறுக்கு மேல். ஏப்ரல் முதல் ஆறு மாதம் கடன் தவணையும் தள்ளிவைக்கப்பட்டது. இதில் யாரும் புதிதாகப் பணம் கொடுக்கவில்லை. போக வேண்டிய பணம் பையிலேயே நின்றது, அவ்வளவுதான். அது பல வீடுகளைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் ஓரிடத்தில் நிற்குமா? சேமிப்புக்கு வட்டி குறைவு, வெளியே போக வழியில்லை, கையில் தொலைபேசி. பங்குச் சந்தைக்குள் சில்லறை முதலீட்டாளர்கள் திரண்டு வந்தார்கள். கையுறைப் பங்குகள் விண்ணுக்குப் பறந்தன.

ஆலைகளின் அந்த வேகத்தை உடம்பால் தாங்கியவர்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தொற்றுக்கு ஆளானார்கள். பெரும்பாலும் வெளிநாட்டவர்கள், நெருக்கமான விடுதிகளில் தங்கியவர்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நெருக்கம் என்னவென்று புரியும்.

பிறகு புதிய வரிசைகள் ஓடத் தொடங்கின. சீனாவிலும் ஆலைகள் பெருகின. தடுப்பூசி வந்தது, பதுக்கிய பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 2022க்குள் விலை பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் ஏறத்தாழ 790 கோடி வெள்ளி லாபம் பார்த்த கையுறை நிறுவனமான டாப் குளோவ், இரண்டே ஆண்டில் 90 கோடிக்கு மேல் நட்டம் காட்டியது. இது முதல் தடவையும் அல்ல. எய்ட்ஸ் பயத்தில் 1987 வாக்கில் கையுறைக்கு இதே போல் கிராக்கி வந்து, மலேசியாவில் ஆலைகள் முளைத்து, பல மூடிப்போயின. இன்றைய விலையைப் பார்த்து உற்பத்தியைத் தொடங்குகிறோம். பொருள் வருவதோ நாளைய சந்தைக்கு. இந்தச் சுற்றை வரைபடத்தில் போட்டால் சிலந்தி வலை போலத் தெரியும். 1934இல் பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டோர் அதற்குச் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்றே பெயர் வைத்தார்.

வட்டிக்கு ஒரு நாள் போதும். ஆலைக்கு ஓராண்டு வேண்டும். பால்மரம் இரண்டுக்கும் அவசரப்படாது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அன்றும் இன்றும் கன்று நட்டால் முதல் வெட்டுக்கு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓபிஆர் 2023 மே மாதமே மீண்டும் 3 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020 மார்ச்சில் நட்ட கன்றில் உளி படுவது 2026லோ 2027லோதான்.