காதா, கருவியா? காருக்கு வேகம் ஏற்றும் வித்தைகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார், இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். ஆனாலும், "பிக்கப் போதாது, கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்" என்று பட்டறை வாசலில் வந்து நிற்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. பழைய மாருதி ஆனாலும், புதிய டர்போ கார் ஆனாலும் அவர்கள் கேட்பது ஒன்றுதான். வேகம்!

ஊரை விட்டு வந்து இங்கே ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவருக்கு அது கூலி. ஆனால் நாளை பிஸ்டன் உருகி, எஞ்சின் 'சீஸ்' ஆகிவிட்டால், பழி முழுவதும் அவர் தலையில்தான் விழும். ஆகவே எந்த முறை நம்பகமானது, எது எங்கே காலை வாரும் என்று தெரிந்திருப்பது நல்லது.

காது வித்தை

மிகப் பழைய முறை இது. டிஸ்டிரிபியூட்டரைச் சிறிது திருப்பி டைமிங்கை முன்னே தள்ளுவார்கள். டாப் கியரில் மேடு ஏற்றுவார்கள். எஞ்சினில் 'டிக், டிக்' என்று நாக்கிங் கேட்டால், கொஞ்சம் பின்னே இழுத்து நிறுத்துவார்கள். கொச்சியில் மேடு ஏது? பாலத்தின் ஏற்றம்தான் மேடு!

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்து வந்தன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. பிற்காலத்தில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறியது. பியட்டும் அம்பாசடரும் ஓடிய அந்த நாட்களில், நல்ல காது உள்ள மெக்கானிக்குக்குத் தனி மரியாதை.

ஆனால் காதுக்கு ஓர் எல்லை உண்டு. முழு வேகத்தில் காற்றின் இரைச்சலும் சைலன்சர் சத்தமும் நாக்கிங்கை மறைத்துவிடும். டர்போ எஞ்சினில் அந்தச் சத்தம் காதில் விழும்போதே காரியம் கெட்டிருக்கும்.

பிளக் சொல்லும் கதை

பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது இரண்டாவது முறை. கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடேறுகிறது என்று பொருள். இளம் பழுப்பு நிறம் நல்லது.

இதைச் சரியாகப் பார்க்க, முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி நிறுத்த வேண்டும். இன்றைய கார்களில் இது ஆபத்து. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் இறுகிவிடும். மேலும், 2000-ம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துவிட்டதால், பிளக்கில் முன்போல் நிறம் சீக்கிரம் ஏறுவதில்லை.

கடிகார முறை

மூன்றாவது முறைக்கு வேண்டியது ஒரு ஸ்டாப் வாட்ச்தான். ஒரே சாலை, ஒரே கியர். மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எடுத்துச் சராசரி காண வேண்டும். இல்லாவிட்டால் கடற்காற்றே ஏமாற்றிவிடும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இதில் முக்கியம். ஜெட்டையும் டைமிங்கையும் ஒன்றாக மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று தெரியாது. பலன் உண்டா இல்லையா என்று கடிகாரம் நேர்மையாகச் சொல்லும். ஆனால் எஞ்சின் தாங்குமா என்று அதற்குத் தெரியாது.

புகைக் குழாயில் மூக்கு

நான்காவது, புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை மீட்டரில் பார்ப்பது. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழுச் சக்தி வேண்டுமானால் 12.5 முதல் 13 வரை. டர்போ எஞ்சினுக்கு இன்னும் சற்றுக் குறைவாக வைப்பது வழக்கம். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் உள்ள காரில், லேப்டாப்பை இணைத்து, ஒவ்வொரு வேகத்திலும் வந்த அளவைப் பதிவு செய்து, பிறகு நிதானமாகத் திருத்தலாம். நாக்கிங்கைக் கண்டுபிடிக்கவும் தனி சென்சார் உண்டு.

வண்டியை ரோலர் மேல் நிறுத்தி ஓட்டும் டைனோ இதற்கும் மேல். செலவு கூடுதல். ஆனால் யாரையும் இடிக்காமல் முழு வேகம் பார்க்கலாம். அதற்காக அது சாலைக்கு முழுமையான மாற்று ஆகிவிடாது. ரோலரில் மின்விசிறி தரும் காற்று, ஓடும் காரில் படும் காற்றுக்கு ஈடாகாது.

எத்தனால் செய்த மாற்றம்

இன்று காது ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. இந்தக் கலவைக்கு வேண்டிய காற்று சுமார் 13.5 கிலோதான். பழைய கார்புரேட்டர் காரில் பழைய ஜெட்டையே விட்டுவைத்தால், காற்று கூடிப்போய் எஞ்சின் சூடேறும்.

எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும் குணம் உடையது. எனவே காது "சரி" என்று சொல்லும்போதே, உள்ளே கலவை தவறிக்கொண்டிருக்கலாம். இங்கேதான் மீட்டர் தேவைப்படுகிறது.

கடல் மட்டத்துக் கொச்சியில் சரிசெய்த கார்புரேட்டர் கார், 1,500 மீட்டர் உயரத்து மூணாறுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே காற்று லேசு. பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை கக்கும். எத்தனாலுக்காக ஜெட்டைப் பெரிதாக்கிய காரில் இது இன்னும் தெரியும். மலைக்குச் சவாரி போகும் டிரைவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வந்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வில்லங்கம்.

கம்பெனி குறித்த அளவுக்கே எஞ்சினைத் திரும்பக் கொண்டுவரும் ட்யூனிங் வேறு விஷயம். அது பராமரிப்பு.

முதலில் எது?

வேகம் கேட்டு வந்தவரின் காரில் முதலில் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ட்யூனிங் பேச்சே வேண்டாம். பிறகு ஏர் பில்ட்டர், பிளக் இடைவெளி, டேப்பட், டயர் காற்று. போய்விட்ட பிக்கப் பல சமயம் இவற்றிலேயே ஒளிந்திருக்கும்.

காரில் கம்ப்யூட்டர் இருந்தால், கைவைக்கும் முன் பழைய புரோகிராமைப் பத்திரப்படுத்துவது அவசியம். கழற்றிய சாமான்களை உரிமையாளரிடமே ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. ஊர் விட்டு ஊர் வந்து தொழில் செய்பவருக்கு அந்தக் காகிதம்தான் துணை.

காது இல்லாத மெக்கானிக்குக் கருவி உதவாது. ஆனால் கருவியை அலட்சியம் செய்யும் காது, ஒரு நாள் அடுத்தவர் எஞ்சினுக்கு விலை கொடுக்க வைக்கும்.